மகனுக்கு ஒரு பாடம், மகளுக்கு ஒரு பாடம்

சென்ற ஆண்டு நவராத்திரி முடிந்து கொலு இறக்கிய அன்று, ஆகுர்டியில் நம் சங்கத்து அன்பர் ஒருவரது இல்லத்தில் தாய்மார் ஐந்தாறு பேர் கூடியிருந்தனர். பொம்மைகளைப் பழந்துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கியவாறே அவர்கள் பேசிக்கொண்டிருந்தனர். பெற்றோர் கூடுமிடத்தில் பேச்சு எங்கே தொடங்கினாலும் பிள்ளை வளர்ப்பில் வந்து நிற்பது வழக்கம் அன்றோ? அன்றும் அப்படியே ஆயிற்று.

“இரண்டு பெண்களை வளர்த்த காலத்தில் எனக்குத் தொண்டை வலித்ததே இல்லை, அக்கா. பிறகு பையன் ஒருவன் பிறந்தான், அன்றிலிருந்து கத்திக் கத்தியே என் குரல் போயிற்று” என்றார் ஒருவர். “பையனுக்குக் கத்தினால் போதும், அம்மா. பெண்ணுக்கோ வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்ள வேண்டும். மாலை ஏழு மணி ரயிலில் அவள் வந்து இறங்கும்வரை எனக்கு அடுப்படியில் கை ஓடுவதில்லை” என்றார் மற்றொருவர். வயதில் மூத்த மாமி ஒருவர், “பெண் பிள்ளை சொன்னால் கேட்கும், ஆண் பிள்ளை பட்டால்தான் கேட்கும். அது பிறவிக் குணம்” என்று தீர்ப்புக் கூறினார். அதற்கு மறுப்பு எழவில்லை.

கூடத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டிருந்த என் செவியில் அந்தப் ‘பிறவிக் குணம்’ என்னும் சொல் தங்கிவிட்டது. ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் வளரும் வகை வேறு என்பதை எல்லாப் பெற்றோரும் கண்டிருக்கிறோம். ஆனால் அவ்வேறுபாட்டில் பிறப்பு தந்தது எவ்வளவு, நாம் தந்தது எவ்வளவு என்று கணக்குப் பார்த்தவர் நம்முள் சிலரே. நாம் பிழைக்க வந்து குடியேறிய இந்தப் புனே நகரமோ, அக்கணக்கை நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பொதுவிடத்தில் வைத்துப் பார்த்து வந்திருக்கிறது. அந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அதனை நம் குடும்பங்கள் அறிய வேண்டும் என்னும் ஆவலே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஆகுர்டி நிலையத்தில் ரயிலேறிச் சிவாஜிநகரில் இறங்கி, தக்டூசேட் ஹல்வாய் கணபதியைத் தரிசிக்கச் செல்லாத தமிழ்க் குடும்பம் நம் காலனியில் இராது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறோம். பிள்ளைகளின் தேர்வுக்காகத் தேங்காய் வேண்டிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கோயிலுக்கு எதிர்ப்புறத்தில், புத்வார் பேட்டையில், பிடேவாடா என்றொரு பழைய வீடு இருந்தது. 1848-ஆம் ஆண்டில் ஜோதிராவ் ஃபுலேயும் அவர் மனைவி சாவித்திரிபாயும் பெண்களுக்கென்று பள்ளி தொடங்கியது அவ்வீட்டில்தான். அப்போது ஜோதிராவுக்கு 21 வயதுதான், சாவித்திரிபாய்க்கோ 17. கணவரிடமே எழுத்துக் கற்று ஆசிரியையானவர் அவ்வம்மையார். பள்ளிக்குச் செல்லும் வழியில் சாணத்தையும் சேற்றையும் தம்மீது எறிவார்கள் என்று தெரிந்து, மாற்றிக்கொள்ள மற்றொரு புடவையையும் எடுத்துச் செல்வார் என்பது இன்றும் இந்நகரத்தார் சொல்லும் செய்தி.

இக்கதையில் நான் அதிகம் எண்ணிப் பார்ப்பது ஜோதிராவின் தந்தை கோவிந்தராவைத்தான். பூ வாணிகம் செய்த எளிய குடும்பம் அது. மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்ட அவரே, அண்டை அயலார் எடுத்துச் சொன்னதும் மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார். மகன் படித்தால் குடும்பத்துக்கு நல்லது என்று உணர்ந்த தந்தை அவர். அந்த மகன் தன் மனைவிக்கு எழுத்தறிவித்து அவளை ஊர்ப் பெண்களுக்குக் கற்பிக்க அனுப்பியதும், ஊரார் நெருக்கினர். 1849-இல் மகனும் மருமகளும் அந்த வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. மகன் படித்ததற்கு மகிழ்ந்த அதே வீட்டில் மருமகளின் படிப்புக்கு இடமில்லை. கோவிந்தராவைக் கொடியவர் என்று எழுதிவிடுவது எளிது. அவர் கொடியவர் அல்லர். ஊருக்கு அஞ்சிய தந்தை. நம்முள் பெரும்பாலோர் அந்த வகையைச் சேர்ந்தவர்களே.

இவ்வூர் அச்சகம் ஒன்றிலிருந்து 1882-இல் சிறிய நூலொன்று வெளிவந்தது. அதன் பெயர் ‘ஸ்திரீ புருஷ துலனா’; அதாவது பெண்ணையும் ஆணையும் ஒப்பிட்டுப் பார்த்தல். எழுதியவர் புல்டானாவைச் சேர்ந்த தாராபாய் ஷிண்டே என்னும் பெண்மணி. சூரத்தில் விதவைப் பெண் ஒருத்தி, ஊருக்கு அஞ்சித் தான் பெற்ற சிசுவைக் கொன்ற குற்றத்துக்காக 1881-இல் தூக்குத் தண்டனை பெற்றாள். மேல்முறையீட்டில் அத்தண்டனை குறைக்கப்பட்டது. அவ்வழக்கைச் சாக்காக வைத்துப் பத்திரிகைகள் பெண்குலம் முழுவதையும் தூற்றவே, தாராபாய் எழுதுகோல் எடுத்தார். பெண்ணிடம் உள்ளதாக நீங்கள் பட்டியலிடும் குற்றங்களுள் ஆணிடம் இல்லாதது எது என்பதே அவர் நூலெங்கும் எழுப்பும் வினா. தந்தை தம் மகளுக்கு வீட்டிலேயே கல்வி தந்திருந்ததால்தான் அவ்வினா அச்சேறியது. அச்சிட்டவை 500 படிகளே. அவற்றுக்கும் வசைமொழியே மறுமொழியாக வந்தது. அவருக்காகப் பரிந்து எழுதியவர்களுள் ஜோதிராவ் ஃபுலே ஒருவர். அதன்பின் தாராபாய் வேறு நூல் எழுதியதாகத் தெரியவில்லை.

அதே 1882-ஆம் ஆண்டில், தமிழ்நாட்டுப் புழுதியைக் காலில் பூசிக்கொண்டு வளர்ந்த ஒரு பெண் புனே வந்து சேர்ந்தார். அவர்தாம் பண்டித ராமாபாய். அவரது கதை உண்மையில் அவர் பிறக்குமுன்பே இந்நகரத்தில் தொடங்கிவிட்டது. பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் அரண்மனையில் அரசிக்கு வடமொழி கற்பித்த ராமச்சந்திர சாஸ்திரி சாதே என்னும் ஆசிரியரிடம் அனந்த சாஸ்திரி டோங்ரே என்னும் இளைஞர் பயின்றுவந்தார். அரசி சுலோகங்களைப் பிழையறச் சொல்வதைக் கேட்ட மாணவருக்கு, பெண்ணால் இது இயலுமெனின் என் வீட்டுப் பெண்ணாலும் இயலும் என்னும் எண்ணம் பிறந்தது. ஊர் திரும்பிய பின் அவர் தம் இரண்டாம் மனைவி லட்சுமிபாய்க்கு வடமொழி கற்பித்தார். மணத்தின்போது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. அந்தப் பெண்ணுக்கோ ஒன்பது. சீர்திருத்தம் ஒரே நாளில் எல்லாக் கதவுகளையும் திறந்துவிடுவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

மனைவிக்கு வேதமொழி கற்பித்த குற்றத்துக்காக அவர் பண்டிதர் அவையில் நின்று நியாயம் கூற வேண்டியதாயிற்று. பிறகு மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலம் என்னும் காட்டில் குடில் கட்டி மாணவர்களுக்குக் கற்பித்து வாழ்ந்தனர். அங்கே 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் ராமாபாய் பிறந்தார். அவருக்கு ஓர் அக்காளும் சீனிவாசர் என்னும் அண்ணனும் இருந்தனர். அக்காளுக்கு வழக்கப்படி சிறுவயதிலேயே மணம் முடித்தனர். அம்மணம் துன்பத்தில் முடிந்தது. அதைக் கண்ட தந்தை, இளைய மகளுக்கு அத்தவற்றைச் செய்வதில்லை என்று உறுதி பூண்டார். மூத்த மகளின் வாழ்வைக் கொடுத்துப் பெற்ற பாடம் அது. முதற்பிள்ளையிடம் கற்றுக்கொண்டு இளைய பிள்ளையிடம் திருந்தாத பெற்றோர் உண்டோ?

ராமாபாய்க்குப் பாடம் சொன்னவர் தாய். தந்தை முதுமையடைந்திருந்தார். வீட்டிலோ விருந்தினரும் மாணவரும் மிகுதி. பகலெல்லாம் அடுப்படியில் கழியும். ஆகையால் லட்சுமிபாய் விடியுமுன் எழுந்து, உறங்கும் மகளை அணைத்து எழுப்பி, பறவைகள் கூவத் தொடங்கும் வேளையில் பாடம் சொல்லிக்கொடுப்பார். மகனும் மகளும் ஒரே சுலோகங்களை மனனம் செய்தனர். பின்னர் செல்வம் கரைந்து, குடும்பம் தீர்த்த யாத்திரையாக ஊர் ஊராகச் சென்று கோயில் மண்டபங்களில் புராணம் வாசித்துப் பிழைக்கத் தொடங்கியபோதும், மகன் வாசிக்கும் இடத்தில் மகளும் வாசித்தாள். 1870-களின் பஞ்சத்தில் சென்னை மாகாணத்துப் பகுதிகளில் அலைந்து, திருப்பதி வரை சென்றும் பசி தீராமல், தந்தையும் தாயும் அக்காளும் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். எஞ்சிய அண்ணனும் தங்கையும் ஆயிரக்கணக்கான கல் தொலைவு நடந்தே வடக்கே சென்று, 1878-இல் கல்கத்தாவை அடைந்தனர். அங்குள்ள அறிஞர்கள் தங்கையை வினாக்களால் சோதித்து, ‘பண்டிதை’, ‘சரசுவதி’ என்னும் பட்டங்களை அளித்தனர்.

ஒரே வீட்டில், ஒரே பாயில், ஒரே ஏட்டிலிருந்து பயின்ற ஆணும் பெண்ணும் இவ்விருவர். அண்ணனுக்குத் தங்கையின் புகழில் சிறிதும் பொறாமை இருந்ததாகத் தெரியவில்லை. 1880-இல் அவர் நோயுற்று இறக்கும் தறுவாயில், தமக்குப் பின் தங்கையின் கதி என்ன என்பது ஒன்றே அவரது கவலையாக இருந்தது. சமமாக வளர்த்தால் அண்ணன் தங்கைப் பாசம் குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் இன்னும் உண்டு. அவர்களுக்கு இந்தச் சீனிவாசரை நினைவூட்ட விரும்புகிறேன். மணமாகி இரண்டாண்டுகளில் கணவரையும் இழந்து, கைக்குழந்தை மனோரமாவுடன் 1882-இல் புனே வந்த ராமாபாய், ஆரிய மகளிர் சமாஜத்தை நிறுவினார். அவ்வாண்டே அரசாங்கத்தின் கல்விக் குழுவின் முன் நின்று, பெண்களுக்குப் பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் வேண்டும் என்று வாதிட்டார்.

இரண்டாண்டுகள் கழித்து, 1884 செப்டம்பரில், ரானடே, பண்டார்க்கர் முதலிய பெரியோர் முயற்சியால் பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளி ஒன்று இந்நகரில் எழுந்தது. ஹுசூர்பாகா என்று இன்றும் வழங்குவது அதுவே. பெண்கள் படிக்கலாமா என்னும் வினா அப்போது ஒருவாறு ஓய்ந்து, என்ன படிக்கலாம், எத்தனை மணி நேரம் படிக்கலாம் என்னும் வினா தலைதூக்கியது. பள்ளி காலை 11 மணி முதல் மாலை 5 மணி வரை நடந்தது. ஆண்களுக்குரிய பாடங்களே பெண்களுக்கும் இருந்தன. 1887-இல் திலகரின் பத்திரிகைகள் அதனைக் கடுமையாகத் தாக்கின. பகல் முழுவதும் பள்ளியில் கழிந்தால் பெண் வீட்டுவேலையை எப்போது கற்பாள்? மூன்று மணி நேரம் போதாதா? ஆங்கிலம் எதற்கு? தாய்மொழி, தையல், ஒழுக்கப் பாடம் இவை போதாவா? இவ்வாறு போயிற்று வாதம். நாட்டு விடுதலைக்காகச் சிறை சென்ற அப்பெருமகனாரிடம் எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. எனினும், அந்த 11 மணி, 5 மணிக் கணக்கைப் படிக்கும்போது சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய குரலாக அது எனக்குக் கேட்கவில்லை. “இவ்வளவு படித்து என்ன, நாளைக்கு ஒரு ரசம் வைக்கத் தெரிய வேண்டாமா?” என்று நம் காலனி மாடிப்படிகளில் கேட்கும் குரல்தான் அது.

எதிர்ப்பு ஆண்களிடமிருந்து மட்டும் வந்ததாகவும் எண்ண வேண்டா. ரானடேயின் மனைவி (இவர் பெயரும் ராமாபாயே, வேறொருவர்) கணவரிடம் எழுத்துக் கற்றபோது, அவரை அதிகம் வாட்டியவர்கள் அவ்வீட்டு மூத்த பெண்களே என்பதை அவரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

இவ்வழக்குக்கு ஒரு சமரசத் தீர்வு கண்டவர் தோண்டோ கேசவ் கார்வே. பண்டித ராமாபாய் பிறந்த அதே ஏப்ரலில், அவருக்கு ஐந்து நாள் முன்பு பிறந்தவர் இவர். ராமாபாயின் சாரதா சதனத்தில் பயின்ற விதவை மாணவியை 1893-இல் மணந்து ஊர்ப்பகையைத் தேடிக்கொண்டார். 1896-இல் விதவைகளுக்கான இல்லம் தொடங்கி, பின்னர் அதனை ஹிங்கணேயில் நிலைநிறுத்தினார். ஜப்பானிய மகளிர் பல்கலைக்கழகத்தைப் பற்றிய சிறு வெளியீடொன்று அவர் கைக்கு வந்தது. அதில் கண்ட நெறியே நம் நாட்டுக்கும் ஏற்றது என்று துணிந்து, 1916-இல் கைவிரல்விட்டு எண்ணத்தக்க மாணவியருடன் இந்தியாவின் முதல் மகளிர் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். தாய்மொழியே பயிற்றுமொழி, ஆங்கிலம் ஒரு பாடமாக மட்டும், மனையியல், உடல்நலவியல் முதலியவை பெண்ணின் வாழ்வுக்கு உரிய பாடங்களாகச் சேர்க்கப்பட்டன. பிற்காலத்தில் எஸ்.என்.டி.டி. என்று பெயர்பெற்றது அப்பல்கலைக்கழகமே.

கார்வே செய்தது பெரும்பணி. தனிப் பாடத்திட்டம் என்னும் ஏற்பாடு இல்லாவிடில், அன்று பல தந்தையர் மகளை வாசற்படி தாண்டவே விட்டிருக்க மாட்டார்கள். இருப்பினும் எனக்கொரு குறை உண்டு. பெண்ணின் வாழ்க்கைக்கு ஏற்பப் பெண்ணின் பாடத்தைத் திருத்த வேண்டும் என்று எத்தனையோ அறிஞர் சிந்தித்தனர். ஆணின் வாழ்க்கைக்கு ஏற்ப ஆணின் பாடத்தைத் திருத்த வேண்டும் என்று அவருள் எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. அவனும் உண்ண வேண்டியவன். அவனும் குழந்தைக்குத் தந்தையாகப் போகிறவன். மனையியல் அவனுக்கு மட்டும் விலக்கானது எவ்வாறு?

கார்வேயின் வீட்டிலேயே இதற்கொரு விடை மருமகள் வடிவில் வந்தது. இராவதி 1905-இல் பர்மாவில் பிறந்தவர். தந்தை அங்கே பருத்தித் தொழில் நிறுவனத்தில் பணிபுரிந்தவர். நம்மைப்போல் பிழைப்புக்காக ஊர்விட்டுச் சென்ற குடும்பம். ஐராவதி ஆற்றின் பெயரையே மகளுக்கு இட்டனர். உடன்பிறந்தவர் அனைவரும் ஆண்கள். பெண்ணுக்கு ஏழு வயதானதும் கடல் கடந்து புனேக்கு அனுப்பி, ஹுசூர்பாகாவில் விடுதி மாணவியாகச் சேர்த்தனர். பின்னாளில் கார்வேயின் மகன் தினகரரை மணந்த இராவதி, மேற்படிப்புக்காக 1928-இல் ஜெர்மனி செல்ல விரும்பினார். பெண் கல்விக்குப் பல்கலைக்கழகமே கட்டிய மாமனார் அதற்கு உடன்படவில்லை! கணவர் துணைநின்றார், இராவதி பெர்லின் சென்றார். அங்கே மண்டையோடுகளை அளந்து, இனத்துக்கு இனம் மூளை வளர்ச்சியில் ஏற்றத்தாழ்வு உண்டு என்னும் தம் பேராசிரியர் கொள்கைக்குச் சான்றில்லை என்று அவரிடமே எழுதிக் கொடுத்துப் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1939 முதல் டெக்கான் கல்லூரியில் மானிடவியல் பணி செய்தார். புனே வீதியில் முதன்முதலாக ஸ்கூட்டர் ஓட்டிய பெண் அவரே என்பர். ஸ்கூட்டர் செய்து பெயரெடுத்த ஆகுர்டியில் வாழும் நமக்கு இச்செய்தி கூடுதல் இனிப்பு.

இவ்விடத்தில் என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுவதே நேர்மை. என் மகனும் மகளும் இரண்டாண்டு இடைவெளியில் மேற்படிப்புக்கு வந்தனர். மகனுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. சேமநிதியிலிருந்து கடன் எடுத்து அனுப்பினேன். மகளுக்கும் வெளியூரில் இடம் கிடைத்தது. மதிப்பெண் அவளுக்கே அதிகம். ஆயினும் ரயிலில் போய் மாலையில் திரும்பும் தூரத்தில் உள்ள கல்லூரியே போதும் என்று முடிவு செய்தேன். காரணம் கேட்டவர்களிடம் பாதுகாப்பு என்றேன். உண்மையில் இரண்டாவது கடனை அவளது திருமணத்துக்கென்று மனத்துள் ஒதுக்கி வைத்திருந்தேன். அவள் மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ‘பெண் பிள்ளை சொன்னால் கேட்கும்’ என்று நானும் அன்று பெருமைப்பட்டேன். பல ஆண்டுகள் கழித்து, தன் மகளுக்குப் பள்ளி தேடிய நாளில் அவள், “அப்பா, அன்று நான் கேட்டது உங்கள் சொல்லை அல்ல, நீங்கள் சொல்லாமல் விட்ட கணக்கை” என்றாள். பணிவு என்று நான் எண்ணியது, கேட்டாலும் பயனில்லை என்று சிறுவயதிலேயே அறிந்துகொண்ட ஒருத்தியின் மௌனம்.

நம் தமிழ்நாட்டில் இதைவிட நன்றாகச் செய்த தந்தையர் இருந்தனர். முத்துலட்சுமி 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தார். பெண் பூப்பெய்தியதும் பள்ளி நின்றுவிடும் காலம் அது. மகனுக்கும் மகளுக்கும் வளர்ப்பு பிரிந்து இரு கிளையாகும் இடம் அதுவே. தாய் சந்திரம்மாள் மகளின் திருமணத்தையே எண்ணினார். தாயின் அச்சம் அது. தந்தை நாராயணசாமி ஐயர் வீட்டிலேயே பாடம் தொடர வழி செய்தார். மெட்ரிகுலேசன் தேறிய மகளை மன்னர் கல்லூரியில் சேர்க்க முயன்றபோது, பெண் வந்து அமர்ந்தால் எம் பையன்களை நிறுத்திக்கொள்வோம் என்று பெற்றோர் சிலர் எதிர்த்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதி அளித்தார். அப்பெண் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் மருத்துவரானார். 1927-இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராகி அதன் துணைத் தலைவருமானார். 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். ஆண் மாணவர் படித்த அதே நூல்கள், அதே தேர்வுத்தாள். தனிப் பாடத்திட்டம் ஏதும் அவருக்குத் தேவைப்படவில்லை.

அவர் பிறந்த அதே 1886-இல் பிறந்த சுப்புலட்சுமி, பன்னிரண்டு வயது நிரம்புமுன் விதவையானார். தந்தை சுப்பிரமணிய ஐயர் மகளை மூலையில் அமர்த்தாமல் படிக்க வைத்தார். 1911-இல் பட்டம் பெற்ற அவ்வம்மையார், தம்மைப் போன்ற இளம் விதவைகளுக்கு இல்லமும் பள்ளியும் அமைத்த வரலாற்றைச் சென்னைக் கடற்கரையின் ஐஸ்ஹவுஸ் கட்டடம் அறியும்.

ஆண் பிள்ளை வளர்ப்புக்கும் வருவோம். நம் காலனியின் மூத்தோர் பலர் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இந்தப் பிம்பிரி, சிஞ்ச்வடு, ஆகுர்டிப் பகுதிக்கு வேலை தேடித் தனியராக வந்தவர்கள். ஓர் அறையில் நால்வர் தங்கி, மண்ணெண்ணெய் அடுப்பில் முறை வைத்துச் சோறு வடித்தனர். ஒருவர் சாம்பார், ஒருவர் பாத்திரம் தேய்த்தல் என்று பட்டியலும் போட்டனர். ஊரில் அம்மா தட்டில் போட்டால் உண்டு எழுந்த பிள்ளைகள்தாம் அவர்கள். தேவை வந்ததும் ஆறே மாதத்தில் கற்றுக்கொண்டார்கள். பிறகு திருமணமாகி மனைவி வந்து சேர்ந்தார். கற்ற வித்தை ஒரே நாளில் மறந்துபோயிற்று! அவர்கள் வீட்டுப் பையன்கள் அப்பா அடுப்படியில் நின்று பார்த்ததே இல்லை. ஆகவே அது ஆண்களுக்கு வாராத கலை என்று அவர்கள் நம்பி வளர்ந்தால் அது யார் பிழை? ‘சாண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளை’ என்னும் பழமொழியைப் பெண்ணுக்கு இழைத்த தீங்காகவே பேசுகிறோம். சாண் பிள்ளையின் தலையில் முழ மனிதனின் சுமையை ஏற்றிய தீங்கும் அதில் உண்டு. அழக்கூடாது, அஞ்சக்கூடாது, தோற்கக்கூடாது என்று வளர்த்துவிட்டு, அவன் பேசாமல் இருக்கிறானே என்று பின்னர் வருந்துகிறோம்.

இனிச் சொல்லவிருப்பது மனத்துக்கு இனியதன்று. எனினும் விட்டுவிட இயலாது. ஆண் பெண் ஒப்பீட்டின் கொடிய வடிவம், வளர்க்கும் முன்பே தீர்ப்புக் கூறிவிடுவது. ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரவருக்குப் பெண் குழந்தைகள் எத்தனை என்பதை மக்கள்தொகைக் கணக்கு கூறுகிறது. மகாராட்டிரத்தில் அவ்வெண்ணிக்கை 1991-இல் 946, 2001-இல் 913, 2011-இல் 894. தமிழ்நாட்டில் அதே ஆண்டுகளில் 948, 942, 943. கருவிலுள்ள குழந்தையின் பாலறியும் சோதனையைத் தடுக்க 1988-இலேயே இந்தியாவில் முதன்முதலாகச் சட்டம் செய்த மாநிலம் மகாராட்டிரம். நடுவண் அரசின் சட்டம் 1994-இல்தான் வந்தது. சட்டம் முந்தியது, எண்ணிக்கை சரிந்தது. தமிழ்நாட்டின் எண்களைக் கண்டு நாம் பெருமை கொள்ளவும் இடமில்லை. பெண் சிசுக்கள் கொல்லப்பட்ட கொடுமையால் 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிய நிலை வந்தது நம் நாட்டில்தான். சோதனைக்கருவிக்குப் பணம் கொடுக்க வல்லவர் ஏழைகள் அல்லர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இத்தனைக்கும் வேராக நான் காண்பது சொத்துக் கணக்கையே. மகன் வீட்டுக்கு வரவு, மகள் செலவு என்னும் எண்ணத்தைச் சட்டமும் நெடுங்காலம் தாங்கி நின்றது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் சொந்தச் சொத்தில் மகளுக்குப் பங்கு தந்தது. கூட்டுக்குடும்பப் பூர்விகச் சொத்தில் பிறப்புரிமை மகனுக்கே இருந்தது. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் அவ்வுரிமையை மகளுக்கும் அளித்தது. மகாராட்டிரம் 1994-இல் பின்தொடர்ந்தது. இரண்டிலும், சட்டம் வருமுன் மணமாகிவிட்ட மகளுக்கு இடமில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தம் அந்த வேற்றுமையையும் நீக்கியது. அந்நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டுமோ என்னும் ஐயத்தை உச்சநீதிமன்றம் 2020 ஆகஸ்டு 11-ஆம் நாள் தீர்த்தது: வேண்டியதில்லை, மகளின் உரிமை அவள் பிறப்பால் வருவது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி முடிந்த பாகப்பிரிவினைகளை மட்டும் இச்சட்டம் கலைப்பதில்லை.

நம் காலனியில் பல வீட்டாருக்கு ஊரில் இன்னும் ஒரு துண்டு வயலோ ஓட்டு வீடோ உண்டு. கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, சகோதரிகளை அழைத்து விருந்திட்டு, புடவை எடுத்துக் கொடுத்து, விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கி வருவதை நானே இரண்டு மூன்று வீடுகளில் கண்டிருக்கிறேன். அவர்களும் மறுக்காமல் இடுகிறார்கள். சொன்னால் கேட்கும் பெண்கள் அல்லரோ! என் வீட்டிலும் சென்ற வைகாசியில் அப்படியொரு பத்திரம் ஆயத்தமாக இருந்தது. என் தங்கையிடம் அதை நீட்டவில்லை. வயலைப் பங்கிட்டோம், அவளது பங்கு சிறிதாயினும் வாய்க்கால் ஓரத்தில் அமைந்தது. ஊரில் சிலர் இன்றும் என்னைப் பிழைக்கத் தெரியாதவன் என்கிறார்கள்.

அந்தக் கொலு வீட்டில் இவ்வளவும் நான் சொல்லவில்லை. அது இடமும் அன்று. பொம்மைப் பெட்டியைப் பரண்மேல் ஏற்ற ஆள் தேடியபோது, தொண்டை போன தாயின் மகன் ஏணியில் ஏறினான். அவனுடைய இளைய அக்காள் கீழிருந்து, “நான் ஏறுகிறேன், நீ பிடி” என்று வம்புக்கு நின்றாள். அந்த மூத்த மாமிதான் “சரி, அவளே ஏறட்டுமே” என்றார்.

பிடேவாடா இப்போது இல்லை. இடிந்து சிதைந்து கிடந்த அவ்வீட்டை, நெடுங்கால வழக்கு முடிந்தபின், சாவித்திரிபாயின் பள்ளிக்கு நினைவிடம் எழுப்புவதற்காக 2023 டிசம்பர் தொடக்கத்தில் ஓர் இரவில் இடித்து அகற்றினார்கள். கணபதி கோயிலில் வரிசை நீண்டு நிற்கும் நாளில், பிள்ளைகள் கால் வலிக்கிறது என்று சிணுங்கும்போது, தெருவின் எதிர்ப்பக்கம் திரும்பினால் அந்த இடம் தெரியும்.